மூளைக்குள் பெரிதாகிப்போன நீர்வெளி: ஸ்கேன் படம் அதை எப்படி அடையாளம் காட்டுகிறது

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவருக்கு மாதக்கணக்காகத் தலையிடி. மாத்திரை போட்டும் நிற்கவில்லை. நரம்பியல் டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டுகிறார்கள், அவர் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்கிறார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வருகிறது. பாதி விளங்காவிட்டாலும் ‘சிஸ்டிக்’ (நீர்ப்பை போன்றது) என்ற சொல்லும் அதற்குப் பக்கத்தில் மில்லிமீற்றர் கணக்கும் கண்ணில் பட்டுவிடும். டொக்டரிடம் திரும்பிப் போக முன்னரே அது வட்ஸ்அப்பில் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இருக்காது.

அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘ஜயன்ட் பெரிவாஸ்குலர் ஸ்பேஸ்’ என்றோ ‘டியூமிஃபாக்டிவ் வேர்ச்சோ ரொபின் ஸ்பேஸ்’ என்றோ எழுதியிருந்தால், பெரும்பாலும் அது ஆறுதலான செய்தி. இது நாடியைச் சுற்றிப் பெருத்துப்போன ஒரு நீர்வெளி, பார்வைக்குக் கட்டி போலத் தெரிகிறது, ஆனால் கட்டி இல்லை என்பதே அந்த வரியின் சாரம். மண்டையைத் திறக்காமல், ஊசி போட்டுச் சதை எடுக்காமல், படங்களை வைத்தே இதைச் சொல்லிவிட முடிகிறது. எப்படி முடிகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லப் போகிறேன். இது விளங்கினால் அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குவது நிச்சயம் குறையும்.

முதலில் இந்த நீர்வெளி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் அதன் அடிப்பக்கத்திலும் மேற்பரப்பிலும் ஓடுகின்றன. அங்கிருந்து மெல்லிய கிளைகள் பிரிந்து மூளைத் திசுவுக்குள் இறங்குகின்றன. இறங்கும் ஒவ்வொரு கிளையையும் சுற்றி ஒரு சின்ன இடைவெளி கூடவே போகும். வீட்டுச் சுவருக்குள் வயர் இழுக்கும்போது முதலில் ஒரு குழாயைப் பதித்து, அதற்குள் வயரை விடுவார்கள் அல்லவா? வயர்தான் நாடி என்றால், வயருக்கும் குழாய்க்கும் நடுவில் மிஞ்சுகிற இடம்தான் இந்த வெளி. அதில் நிறைந்திருப்பது தெளிந்த நீர். மூளையின் உள்ளறைகளிலும் மூளையைச் சுற்றியும் இருக்கிற நீரை நம் பாடப்புத்தகங்கள் மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று சொல்லும். இந்த வெளியில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே மாதிரியான திரவம். சுருக்கமாக மூளைநீர் என்றே இனிச் சொல்கிறேன்.

இந்த வெளிகளைப் பற்றி 1851 இல் ஜேர்மனியின் ருடோல்ஃப் விர்கோவும் 1859 இல் பிரான்சின் சார்ல் ரொபினும் எழுதினார்கள். ரிப்போர்ட்டில் ‘வேர்ச்சோ ரொபின்’ என்று வரும் இரட்டைப் பெயர் இவர்களுடையதுதான். நீண்ட காலம் இவற்றை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2012 இல் எலிகளில் செய்த ஆய்வுகள், மூளை தன் கழிவைக் கழுவி வெளியேற்றும் பாதையில் இந்த இடைவெளிகளுக்கும் பங்கு உண்டு என்று காட்டிய பிறகு ஆராய்ச்சி சூடுபிடித்தது. நமக்கு இங்கே முக்கியம் வேறொன்று. இவை நோயால் வந்தவை அல்ல. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, பிறந்த குழந்தைக்கும் உண்டு.

வழக்கமாக இவற்றின் அகலம் 2 மில்லிமீற்றருக்கு உள்ளேதான். வயது போகப் போக, குருதியமுக்கம் உள்ளவர்களில் கூடுதலாக, படத்தில் பளிச்சென்று தெரியும் அளவுக்கு அகலமாகும். இதெல்லாம் அடிக்கடி காண்பது. அபூர்வமாகச் சிலருக்கு ஒரு வெளியோ, ஒன்றோடொன்று ஒட்டிய பல வெளிகளோ 15 மில்லிமீற்றரையும் தாண்டிப் பெருத்துவிடும். அப்போதுதான் ‘ஜயன்ட்’ என்ற அடைமொழி வருகிறது. சிலவேளை சில சென்ரிமீற்றர் வரைக்கும் போகும். அந்த அளவில் ஒன்றைப் பார்த்தால் அனுபவமில்லாத கண்ணுக்குக் கட்டி என்றுதான் படும்.

இனி இடம். இடத்துக்கு இந்த விஷயத்தில் பெரிய மதிப்பு உண்டு. நாடிகள் நினைத்த இடத்தில் மூளைக்குள் நுழைவதில்லை. அவற்றுக்கென்று வாசல்கள் இருக்கின்றன. அதனால் இந்த வெளிகளும் அந்த வழிகளில்தான் பெரிதாகும். மூளையின் அடியிலிருந்து மேலே ஏறி, ஆழத்தில் உள்ள பேசல் காங்லியா என்ற பகுதிக்குப் போகும் நாடிகளின் வழி முதலாவது. மேற்பரப்பிலிருந்து வெண்பொருளுக்குள் இறங்கும் நாடிகளின் வழி இரண்டாவது. மூன்றாவது, மூளைத்தண்டின் மேற்பகுதியான நடுமூளை. 37 பேரின் படங்களைச் சேர்த்து 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிதானவை அதிகம் காணப்பட்டது நடுமூளையும் அதற்கு மேலேயுள்ள தலமசும் சேர்கிற பகுதியில்தான். இவற்றுக்குப் புறம்பாக, கன்னப்பொறிக்குப் பின்னால் இருக்கும் மூளைமடலின் முன்நுனியிலும் ஒருவகை வருகிறது. அதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆட்களை ஏமாற்றக்கூடியது.

சரி, படத்துக்கு வருவோம்.

விழுந்து தலையில் அடிபட்டால் முதலில் எடுப்பது சிடி ஸ்கேன். எக்ஸ்ரே கதிர் எவ்வளவு தடைப்படுகிறது என்பதை வைத்து அது படம் போடுகிறது. நீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் கட்டிக்குள் தேங்கிய திரவமும் ஏறக்குறைய அப்படியே கறுப்பாகத் தெரியும். உள்ளே இருப்பது எந்தத் திரவம் என்று பிரித்துச் சொல்ல சிடியால் ஏலாது. அதனால்தான் “எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துப் பார்ப்போம்” என்கிறார்கள். மேலும் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அந்த இடத்தில் சந்தேகப்படத் தேவையில்லை, இங்கே எம்.ஆர்.ஐ. உண்மையாகவே தேவை.

காந்தத்தின் உதவியால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒரே படம் இல்லை. அந்தக் குழாய்க்குள் படுத்திருக்கும்போது ‘டக் டக்’ என்று ஒருவகைச் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அது நின்று வேறுவகைச் சத்தம் தொடங்கும். ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு வகைப் படம். ஒவ்வொரு வகையும் திரவத்திடம் ஒவ்வொரு கேள்வியைக் கேட்கிறது. கதிரியக்க நிபுணர் இந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த வெளிக்குள் இருப்பது, அதே மூளையின் உள்ளறைகளில் இருக்கிற நீரைப் போலவே எல்லாப் படத்திலும் நடந்துகொள்கிறதா? ஒப்பிடுவதற்கான சுத்தமான மூளைநீர் அதே படத்திலேயே, நடுவில், உள்ளறைகளில் இருக்கிறது. வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

ரி1 என்ற படத்தில் மூளைநீர் கறுப்பு. ரி2 என்ற படத்தில் அது பிரகாசமான வெள்ளை. இந்த இரண்டிலும் ஒத்துப்போவது தொடக்கம்தான். நீர் கலந்த எத்தனையோ கோளாறுகள் இந்த இரண்டு படத்திலும் இப்படியே தெரியும். ரி2 படத்தில் வெள்ளையாக ஒன்றைக் கண்டதும் முடிவுக்கு வருவது அவசரப்படுவதாகும்.

மூன்றாவது படம்தான் ஃபிளேயர். என்னைக் கேட்டால் இந்த நோயறிதலின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. 1992 இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் வேலைசெய்த குழுவினர் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். ரி2 மாதிரியே எடுத்துக்கொண்டு, கட்டுப்பாடில்லாமல் சும்மா கிடக்கும் நீரிலிருந்து வரும் சமிக்ஞையை மட்டும் அழித்துவிடுவது இதன் வேலை. காந்தத்தில் புரட்டிவிடப்பட்ட நீரின் சமிக்ஞை திரும்பி எழும்பும்போது ஒரு கணத்தில் பூச்சியத்தைக் கடக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் படம் பிடித்தால் தெளிந்த நீர் கறுத்துப்போகும். ஆனால் புரதம் கலந்த திரவத்தின் சமிக்ஞை வேறு வேகத்தில் எழும்பும். வீங்கிய திசுவும் அப்படித்தான், கட்டியின் உயிரணுக்களும் அப்படித்தான். அவை கறுக்காமல் வெளிச்சமாக நின்றுவிடும். ஆக, ரி2 இல் வெள்ளையாக இருந்த அந்தப் பெரிய வெளி ஃபிளேயரில் உள்ளறைகளோடு சேர்ந்து முற்றாகக் கறுத்தால், பெரிய பாரம் ஒன்று இறங்குகிறது.

நான்காவது டிஃபியூஷன் படம். நீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுதந்திரமாக அசைகின்றன என்று இது பார்க்கும். சீழ்க்கட்டியில் சீழ் தடிப்பானது, மூலக்கூறுகளால் அசைய முடியாது, படத்தில் அது பளீரென்று ஒளிரும். எபிடேமொயிட் என்று ஒருவகைக் கட்டி மூளைநீரை மிக நெருக்கமாகப் போலி செய்யும். அதையும் காட்டிக்கொடுப்பது இந்தப் படம்தான், ஒளிர்ந்துவிடும். நாடியைச் சுற்றிய வெளிக்குள் நீர் தாராளமாக அசைவதால் அங்கே ஒளி இல்லை.

கடைசியாக, கையில் ஊசி போட்டு கடோலினியம் கலந்த மருந்தை ஏற்றி எடுக்கும் படம். மூளையின் இரத்தக் குழாய்களில் இயல்பான காப்பு இருக்கிற வரைக்கும் அந்த மருந்து திசுவுக்குள் கசியாது. பல கட்டிகளில் அந்தக் காப்பு உடைந்திருக்கும்; மருந்து கசிந்து, ஓரமோ உள்ளே ஒரு முடிச்சோ வெளிச்சமாகும். நம் வெளியில் அப்படி எதுவும் வெளிச்சமாகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த ஊசிக்கு முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஒரு மாதிரிப் படத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் மூளை, இடப்பக்க பேசல் காங்லியா. ரி2 படத்தில் ஏழெட்டு நீள்வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கூட்டமாக இருக்கின்றன, எல்லாம் வெள்ளை. கூட்டத்தின் மொத்த அகலம் 18 மில்லிமீற்றர். வட்டங்களுக்கு நடுவே மூளைத் திசு மெல்லிய கோடுகளாகத் தெரிகிறது. ஓரங்கள் வழுவழுப்பாக, கூர்மையாக இருக்கின்றன. கூட்டத்தின் கீழ்ப்பக்கத்தில், ஒரு வட்டத்தின் நடுவே, தலைமயிர் அளவில் ஒரு கறுப்புக் கோடு போகிறது. வேகமாக ஓடும் இரத்தம் அப்படித்தான் கறுப்பாக விழும். அதுதான் உள்ளே போகிற நாடி. மிக மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சிஸ் என்ற வகைப் படத்தில் இந்தக் கோடு இன்னும் துல்லியமாகத் தெரியும். அந்தக் கோட்டைக் கண்டுவிட்டால் நிபுணரின் முகமே மாறும். ஃபிளேயரைத் திறந்தால் அத்தனை வட்டமும் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம் இல்லை. பக்கத்துத் திசு கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்திருக்கிறதே தவிர, வீங்கவில்லை. இதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்லலாம்.

இவரின் மகள் கேட்பாள்: “அப்ப டொக்டர், அம்மாவின்ர தலையிடிக்கு இதுதானோ காரணம்?” நல்ல டொக்டர் என்றால், “அப்பிடிச் சொல்லேலாது பிள்ளை. இது கனகாலமா உள்ள இருந்திருக்கும், இப்பதான் படத்தில கண்டிருக்கிறம். தலையிடிக்கு வேற காரணத்தைப் பாப்பம்” என்பார். இதைப் பலர் ஏற்க மறுப்பார்கள். ஸ்கேனில் ஒன்று தெரிந்தால் அதுவே எல்லாத்துக்கும் காரணம் என்று நினைக்கத்தான் மனம் போகும். ஆனால் இந்த வெளிகளில் பெரும்பாலானவை வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அகப்படுபவை.

இனி, இதோடு மயங்கக்கூடியவை. அடைபட்ட சின்ன நாடியால் ஏற்படும் லக்கூன் என்ற குழி, அதாவது பழைய சிறு பக்கவாதத்தின் தடம், இதே பேசல் காங்லியாவில்தான் வரும். அதன் உள்ளிருப்பதும் நீர்தான். ஆனால் அதைச் சுற்றி ஃபிளேயரில் பெரும்பாலும் வெள்ளை வளையம் தெரியும், அளவும் சாதாரணமாக 3 இலிருந்து 15 மில்லிமீற்றருக்குள் நிற்கும். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் லக்கூன் உள்ளவருக்குக் குருதியமுக்கம், சீனி, கொலஸ்ரோல் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கவேண்டும்.

பன்றி நாடாப்புழுவின் குடம்பி மூளைக்குள் தங்குவது இந்தியாவில் வலிப்புக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. அந்த நீர்ப்பைக்குள் புழுவின் தலை ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும். புழு சாகும்போது சுற்றிலும் வீக்கமும் வரும். நுரை நுரையாக வெண்பொருளில் தெரியும் மல்டிநொடியூலர் கட்டி என்று ஒன்றை 2013 இல்தான் முதன்முதலாக விவரித்தார்கள். வடிவத்தில் நம் வெளியை அப்படியே ஒத்திருந்தாலும் ஃபிளேயரில் கறுக்காது. பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா போன்ற நீர்ப்பையுள்ள கட்டிகளில் மருந்தேற்றினால் வெளிச்சமாகும் ஒரு முடிச்சு இருக்கும்.

அரக்னொயிட் நீர்ப்பை இவற்றில் வித்தியாசமானது. அதற்குள் இருப்பதும் மூளைநீரேதான். எல்லா வகைப் படத்திலும் நம் வெளி மாதிரியே நடந்துகொள்ளும். திரவத்தை எவ்வளவு சோதித்தாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிப்பது இடம்தான். அரக்னொயிட் நீர்ப்பை மூளைக்கு வெளியே, அதன் உறைகளுக்கு நடுவே இருந்துகொண்டு மூளையை வெளியிலிருந்து தள்ளும். நம் வெளி மூளைத் திசுவுக்கு உள்ளே, நாடி போகும் வழியில் இருக்கும். நாடிகளின் வழியை முதலில் சொன்னது இதற்காகத்தான். நீர் ஒத்துப்போகவேண்டும், இடமும் ஒத்துப்போகவேண்டும். ஒன்று மட்டும் போதாது.

ஆளைப் பொறுத்தும் யோசனை மாறும். சின்னப் பிள்ளை ஒன்றில் இப்படிப் பெருத்த வெளிகள் பல இடங்களில் தெரிந்தால், மியூக்கோபொலிசக்கரிடோசிஸ் என்ற பரம்பரைக் குறைபாட்டுக்கான அடையாளங்கள் வேறு ஏதும் உண்டா என்று குழந்தை வைத்தியர் தேடவேண்டும். எய்ட்ஸ் போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரில், கிரிப்டோகொக்கஸ் என்ற பூஞ்சை இதே இடைவெளிகள் வழியே இறங்கி, தன் பிசினால் அவற்றை விரித்துவிடும். படத்தை மட்டும் அனுப்பி “இது என்ன?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காததற்கு இது ஒரு காரணம். வயது, வலிப்பு வந்ததா, காய்ச்சல் உண்டா என்பதெல்லாம் நிபுணருக்குத் தெரியவேண்டும்.

மேலே சொன்ன விதிகள் மீறப்படும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. சில ஜயன்ட் வெளிகளைச் சுற்றி ஃபிளேயரில் கொஞ்சம் வெள்ளை தெரியும். நெருக்கப்பட்ட திசுவில் வந்த மாற்றமே அது. அதனாலேயே கட்டி என்று ஆகாது. முன்பு தனியாகச் சொல்கிறேன் என்ற வகை, பக்க மடலின் முன்நுனியில் வருவது, இதில் பேர்போனது. அங்கே வெளிக்குள் இருப்பது ஒழுங்காகக் கறுத்துவிடும். ஆனால் சுற்றிவர நன்றாக வெள்ளை படிந்திருக்கும், ரிப்போர்ட்டில் கட்டியைக் குறிக்கும் ‘நியோபிளாசம்’ என்ற சொல் எட்டிப் பார்க்கும். பக்கத்தில் மூளையின் நடுநாடியின் ஒரு கிளை வளைந்து போகிறதா, வெளியின் உட்பகுதி சுத்தமான மூளைநீராக இருக்கிறதா, மருந்தேற்றினால் ஏதும் வெளிச்சமாகிறதா என்று பார்த்து, நரம்புக் கதிரியக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரிடமும் காட்டியபிறகு முடிவெடுப்பதுதான் நியாயம். இந்த வகை தெரியாததால் கட்டி என்று எண்ணி அறுத்துப் பார்த்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தேவையில்லாத ஒரு மூளை அறுவையை நல்ல ஒரு படவாசிப்புத் தடுத்துவிடும் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு, அபூர்வமாக. நடுமூளையில் பெருத்த வெளிக்குப் பக்கத்தில்தான் உள்ளறைகளிலிருந்து மூளைநீர் கீழே இறங்கும் மிக ஒடுங்கிய கால்வாய் ஓடுகிறது. மூளை ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லீற்றர் நீரைச் சுரக்கிறது. கால்வாய் நெரிபட்டால் அது போக வழியில்லாமல் மேலே தேங்கி, உள்ளறைகள் வீங்கும். காலையில் எழும்பும்போது கூடும் தலையிடி, சத்தி, நடையில் தள்ளாட்டம், மேலே பார்க்கக் கண் மறுப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது நரம்பறுவை நிபுணர்கள் அகநோக்குக் கருவியால் மூன்றாம் அறையின் அடியில் ஒரு சிறு துளையிட்டு நீருக்கு மாற்றுவழி திறப்பார்கள், அல்லது சண்ட் என்ற குழாயை வைப்பார்கள். இப்படி அறிகுறி உள்ளவர்கள் கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்கக்கூடாது. கொழும்பில் என்றால் நரம்பறுவைப் பிரிவு உள்ள தேசிய வைத்தியசாலைக்கு அன்றைக்கே போகவேண்டும்.

மற்றவர்களுக்குச் செய்யவேண்டியது பெரும்பாலும் பொறுத்திருந்து மறுபடி பார்ப்பதுதான். கட்டி என்றால் வளரும். இந்த வெளிகளில் அநேகமானவை வருடக்கணக்காக அப்படியே இருக்கும். அதனால் சந்தேகம் கொஞ்சம் மிஞ்சினால், குறிப்பிட்ட காலம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது படம் பிரயோசனப்பட வேண்டுமென்றால் முதற்படம் கையில் இருக்கவேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிப்போர்ட் கடதாசியைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, அதோடு படங்களைப் பதிந்து தந்த சீடித் தட்டைத் தொலைத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டில் இருப்பது ஒருவரின் வாசிப்பு; படம் சீடியில் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் ஒரு தரம், தனியாரில் ஒரு தரம் என்று எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் ஓர் இடத்துப் படத்தை மற்ற இடத்துக் கணினியில் தேடினால் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. சீடி கிடைத்த அன்றே அதைக் கணினியில் பிரதி எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் டொக்டராக இருந்தால் அவருக்கும் வட்ஸ்அப்பில் கடதாசியைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் அந்தப் படங்களையே அனுப்புங்கள். டொக்டரிடம் போகும்போது இரண்டே கேள்வி கேட்டால் போதும்: “ஃபிளேயர் படத்தில் இது முற்றாகக் கறுத்திருக்கிறதா? அடுத்த படம் எப்போது எடுக்கவேண்டும்?”